வரவு: தக்காளி

கிருஷ்ணகிரி பைபாஸில்
டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்
பஞ்சர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
முப்பத்தொரு பழைய வண்டி நிற்கிற எங்கள் யார்டு.
போர்டில் மஞ்சள் எழுத்து:
சிபில் இல்லையா? கவலை இல்லை.
அதை எழுதிய பெயிண்டருக்கு
இன்னும் இரண்டாயிரம் பாக்கி.

வருகிறவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை.
என் முகத்தைப் பார்க்கிறார்கள்,
ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்க வந்தவர்கள் மாதிரி.
ஆதார், பான், போனுக்கு வந்த ஆறு இலக்கம்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
மூன்று இலக்கத்தில் வந்து நிற்கிறது
ஒரு ஆளின் நாணயம்.

"அது மச்சான் போன் வாங்க நான் போட்ட கையெழுத்துங்க."
"குழு லோன்ல ஒருத்தி ஓடிப்போயிட்டா."
"கட்டிட்டேன்மா, ரசீதுதான் கரையான் தின்னுடுச்சு."
நான் கேட்பதில்லை. சொல்கிறார்கள்.
எண் குறையக் குறைய
கதை நீளம்.

ராயக்கோட்டைப் பக்கத்துத் திம்மராயன் வந்தது மாசியில்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
வெள்ளை ஆம்னியை அவர் ஓட்டிப் பார்க்கவில்லை,
பின்கதவைத் தூக்கி
முழம் போட்டு அளந்தார்.
"எத்தனை கிரேட் புடிக்கும்?"
பதினெட்டு என்றேன்.
எனக்குத் தெரியாது.

வட்டி சொல்லும்போது வருஷத்தைச் சொல்லக் கூடாது,
மாதத்தைச் சொல்ல வேண்டும்.
இரண்டே கால்.
காதுக்குச் சின்னதாக இருக்கும்.
திம்மராயன் தலையாட்டினார்.
அவர் மனைவி கெம்பம்மா மட்டும்
முந்தானைக்குள் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.
பன்னிரண்டாவது மடக்கில்
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஜாமீன் கையெழுத்து அவளுடையது.

மூன்று டியூ தேதி தப்பாமல் வந்தது.
நான்காவதில் தக்காளி கிலோ நாலு ரூபாய்.
ஐந்தாவதில் போன் எடுக்கவில்லை.
ஆறாவது தேதிக்கு முந்தின ராத்திரி
மத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர்
டீக்கடையில் வைத்துச் சாவியை வாங்கி
ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

காலையில் பின்கதவைத் திறந்தேன்.
வண்டியில் இருந்தவை என்று
பட்டியல் எழுத வேண்டும்.
ஸ்டெப்னி ஒன்று.
ஜாக்கி இல்லை.
குழந்தைச் செருப்பு, இடது கால்.
தக்காளி ஏழு கிரேட்,
அடியில் இருந்தது கசிந்து
நம்பர் பிளேட் வரைக்கும் சிவப்பு.

போன் செய்தேன். கெம்பம்மா எடுத்தாள்.
"தக்காளி அப்படியே இருக்குதும்மா,
வந்து எடுத்துக்குங்க."
கொஞ்ச நேரம் மாட்டுச் சத்தம் மட்டும்.
"எதுல வந்து எடுக்கறது?" என்றாள்.

அப்புறம் அவளே,
"வித்து டியூல வரவு வெச்சுக்குங்க."

கிரேட் தொண்ணூறு, கசிந்தது போக ஆறு.
பரோட்டாக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்,
ஐந்நூற்று நாற்பது.
எங்கள் கம்ப்யூட்டரில் தக்காளிக்குக் கட்டம் இல்லை.
ரொக்கம் என்று போட்டேன்.
அன்றைக்கு மேலேறியிருந்த
அபராதத்துக்கே அது போதவில்லை.

செருப்பு என் டிராயரில் இருக்கிறது.
அதை என்ன கணக்கில் எழுதுவது?

ஒரு வாரம் கழுவியும் ஆம்னியில்
புளித்த வாசம்.
நேற்று பர்கூரிலிருந்து ஒருவர்,
நைட்டி வியாபாரம்,
தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.
"என்ன ஏத்துனாங்க இதுல?"
சொன்னேன்.
"மூட்டை எத்தனை புடிக்கும்?"
தெரியாது என்றேன்.
வட்டி இரண்டே கால் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
வருஷத்துக்கு இருபத்தேழு என்று வந்துவிட்டது.
ரியாஸ் பாய் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.

அவர் கேட்டதாகவே தெரியவில்லை.
பின்கதவைத் தூக்கினார், இறக்கினார்,
மறுபடி தூக்கினார்.
"நிக்குதுங்க," என்றார் சந்தோஷமாக,
"கையை விட்டாலும் நிக்குது."